சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

கண்ணாடிக் கதவைத் தள்ளப் போன தங்கபாண்டியின் கையை, வெள்ளைக் கையுறை போட்ட இன்னொரு கை மறித்தது. வாசல் காவல்காரன் அவன் காலிலிருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தான், வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்த சட்டையைப் பார்த்தான், "கிதர் ஜாதா?" என்றான். தாராவியில் மளிகைக் கடை நடத்துகிறவனுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாகப் போட்டிருந்த சிவப்புத் தோல் பெஞ்சில், அவன் தங்கை கனகவள்ளி பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இருந்த தட்டு காலியாக இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்று தங்கபாண்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்தத் தமிழ்தான் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கறுப்புக் கோட்டும் கழுத்தில் போ டையும் போட்ட ஒரு பெரியவர் உள்ளேயிருந்து வந்து, காவல்காரனை ஒதுங்கச் சொல்லிவிட்டு, "யாரைத் தம்பி பாக்கணும்?" என்றார். பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் மேலாளாக இருப்பவர், பெயர் நாகூர் மீரான், காரைக்கால்காரர். பிரெஞ்சும் தமிழும் அவருக்குப் பிறந்த வீட்டிலேயே கிடைத்தவை. பம்பாய்க்கு வந்து, கோட்டைப் பகுதியில் இந்தப் பிரெஞ்சு ஓட்டலில் கோட்டு மாட்டி ரொம்ப வருஷமாகிவிட்டது.

"அந்தா இருக்கவ என் தங்கச்சி. எங்கப்பா காலைல தவறிட்டாரு. அவளுக்கு இன்னும் தெரியாது."

மீரான் வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு, "கூப்பிட்டு விடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் பாய். அவ சாப்பிடணும். சாப்பிட்ட பொறவுதான் சொல்லணும்."

வேறு யாராக இருந்தாலும் இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மீரான் நினைக்கவில்லை. "எங்க பக்கமும் அப்படித்தான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அப்பா அய்யாத்துரை அன்று காலை கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, முதலில் வந்த பெண்ணுக்குக் கடுகு மடித்துக் கொடுத்தார். நெஞ்சு என்னவோ செய்கிறது என்றார். அரிசி மூட்டையின் மேல் சாய்ந்தார். டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க யாரையும் ஒரு வேலை ஏவாத மனிதர், சாகும்போதும் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கிற சிரமத்தைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. மே மாத வெயில், ஒற்றை அறை வீடு. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

செம்பூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லி அழைத்து வர வேண்டும். தங்கபாண்டி செருப்பை மாட்டும்போது பேராச்சி அத்தை அழுகையை நிறுத்திவிட்டு அவனை மறித்தாள். அய்யாத்துரையின் கூடப் பிறந்தவள். அழவும் தெரியும், அழுகைக்கு நடுவே காரியம் பார்க்கவும் தெரியும்.

"அவ கைப்புள்ளைக்குப் பால் குடுக்கவ. மொதல்ல அவ வயித்துல ஏதாவது எறங்கட்டும், பொறவு சொல்லு. போன தடவ மாதிரி ஆயிரப்புடாது. நீயும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போயி நிக்காத."

அவர்கள் ஜனத்தில் சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால், பிணம் எடுத்துக் குளித்து முடியும்வரை ரத்த சொந்தம் வாயில் எதையும் வைக்காது. அதனால்தான் செய்தி கொண்டுபோகிறவன் முதலில் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பான். இல்லை என்றால், சும்மா வந்தவன் மாதிரி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். அம்மா செத்தபோது எவனோ ஒரு அவசரக்காரன் கனகவள்ளியிடம் படியேறும்போதே போட்டு உடைத்துவிட்டான். மறுநாள்வரை அவள் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மூத்தவனுக்குப் பால் நின்றுபோய், டப்பாப் பால் ஒத்துக்கொள்ளாமல், பிள்ளை பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டது.

செம்பூரில் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மகாதேவனின் மனைவி, கனகவள்ளியின் பிள்ளை தூங்கிய தொட்டிலை ஆட்டியபடியே, "அவாத்துக்காரரோட ஆபீஸ் துரை ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்ட்ருக்கார். ஃபோர்ட்ல ஏதோ ஃப்ரெஞ்சு ரெஸ்டாரண்டாம்" என்றாள். "காலம்பறலேந்து அவ ஒண்ணுமே சாப்பிடலை. அங்க போய்ச் சாப்பிடணுமே, வயித்தக் காலியா வச்சுக்கறேன்னு சிரிச்சிண்டே போனா." விஷயத்தைக் கேட்டதும் அவள் தொட்டில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

இப்போது தங்கபாண்டி வாசலோரம் ஒரு தூணின் மறைவில் நின்றான். மத்தியான நேரம், உள்ளே ஒரு நாற்காலி காலியில்லை. பித்தளைக் கம்பிகளும் ஆளுயரக் கண்ணாடிகளுமாக இருந்த கூடத்தில் பார்சி வக்கீல்கள், கப்பல் கம்பெனிக்காரர்கள், தொப்பி கழற்றாத வெள்ளைக்காரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டும் தின்றுகொண்டும் இருந்தார்கள். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஆட்கள் இரண்டு கையிலும் தட்டுகளோடு ஓடினார்கள். சத்தத்தைப் பார்த்தால் தாதர் ஸ்டேஷனுக்குக் குறைவில்லை. தாதரில் இந்த வெண்ணெய் வாசனை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னென்ன வரும் பாய்?" என்று கேட்டான்.

"சூப்பு, மீனு, கோழி, அப்புறம் இனிப்பு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பேச்சு. இந்த மொரேல் துரை உக்காந்தா லேசுல எழுந்திரிக்க மாட்டாரு."

"அவ்வளவு நேரம் இல்ல பாய். அவ அப்பா மொகத்தப் பாக்கணும்."

மீரான் கொஞ்சம் யோசித்தார். "கோழி இன்னைக்கு நேரமாகும்னு சொல்லிடுறேன். மீனோட முடிச்சுடலாம். நீங்க இங்கனயே நில்லுங்க" என்றார்.

அங்கேயே நிற்க முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எதிர்ச் சுவரிலிருந்த கண்ணாடியை இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. கனகவள்ளி பூவைச் சரிசெய்ய அதில் பார்த்தவள், தூணுக்குப் பின்னால் நிற்கும் அண்ணனைப் பார்த்துவிட்டாள். திரும்பிக் கையைத் தூக்கினாள். மொரேல் துரையும் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவர் எழுந்து நின்று, சகோதரரா, வரச் சொல்லுங்கள், நாற்காலி போடுங்கள் என்று கூடத்துக்கே கேட்கும்படி உபசாரம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

கனகவள்ளியின் கணவன் கணேசபாண்டியன் முகத்தில் ஈயாடவில்லை. சாயக் கம்பெனியின் மதராஸ் கிளைக்கு ஒரு மேனேஜர் வேண்டும். அதற்காகத்தான் துரை ஆட்களைக் குடும்பத்தோடு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுப் பார்க்கிறார். முள்கரண்டி பிடிக்க மனைவிக்கு ஒரு வாரமாகப் பழக்கி அழைத்து வந்திருக்கிறான். அந்த மேஜைக்கு ரப்பர் செருப்போடு மச்சான் வந்து நிற்கிறான்.

"எதுக்கு மச்சான் இங்க வந்திய?" என்று சிரித்த முகத்தோடு பல்லுக்குள் கேட்டான்.

"கிராபோர்டு மார்க்கெட்டுக்கு வந்தேன் மாப்ள. செம்பூர்ல சொன்னாவ, இங்க இருக்கியன்னு. சும்மா, எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

கடை வியாபாரத்தில் தினமும் நாலு பொய் சொல்கிறவன்தான். இந்தப் பொய் மட்டும் நொண்டியடித்தது. கனகவள்ளி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒக்காருண்ணே" என்றாள். அவன் உட்கார்ந்தான்.

சூப்பு வந்தது. வெங்காயச் சூப்பு, மேலே ஒரு ரொட்டித் துண்டு, அதன் மேல் உருகி ஓடிய சீஸ். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஆவி பறந்தது. இது ஆறி, இவள் குடித்து, பிறகு மீன் வந்து, அதை முள் எடுத்துத் தின்று. தங்கபாண்டி கதவுக்கு வெளியே வெயிலைப் பார்த்தான். கனகவள்ளி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு துரையின் மனைவி மதாம் மொரேல் சொல்லும் எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு" என்றான். குரல் கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது. அதை ஈடுகட்டுவதற்காக ஜாடியை எடுத்து அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். கூடையிலிருந்து நீளமான ரொட்டியை ஒடித்து, வெண்ணெய் தடவி, அவள் தட்டின் ஓரத்தில் வைத்தான். "ஆறிடும். சாப்பிடு."

கனகவள்ளி ரொட்டியைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் விட்டு ஒரு வாய் ஊதிக் குடித்தாள். பிறகு, "நீ சாப்பிடலியா?" என்றாள்.

"நான் சாப்ட்டுட்டுத்தான் வாறேன்."

"என்ன சாப்ட்ட?"

"சோறுதான்."

"என்ன கொழம்பு?"

காலையில் அடுப்பில் ஏறியது இறங்கவே இல்லை. அப்படியே தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். "புளிக்கொழம்பு" என்றான் தங்கபாண்டி.

கனகவள்ளி கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணன் சாப்பிடாம எனக்கு எறங்காது" என்று கணவனிடம் சொன்னாள். "எனக்கும் வேண்டாம்."

கணேசபாண்டியன் அதை மென்று விழுங்கி, இங்கிலீஷில் ஏதோ நாசூக்காகச் சொல்லிப் பார்த்தான். துரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் சாப்பிடாவிட்டால் தங்கை சாப்பிடமாட்டாளா, எவ்வளவு அழகான வழக்கம் என்று மனைவியிடம் சொன்னார். விரலைச் சொடுக்கினார். தங்கபாண்டி முன்னாலும் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்து வைத்தவர் மீரான்தான். வைக்கும்போது அவர் தங்கபாண்டியைப் பார்க்கவில்லை.

கொள்ளி வைக்கிற மகன். வீட்டில் அந்த ஒற்றை அறையின் நடுவில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியவனே அவன்தான். அந்தக் கையால் இப்போது இந்தக் கரண்டியை எடுக்க வேண்டும். எடுக்காமல் போனால் கனகவள்ளி எழுந்துவிடுவாள். எழுந்தால் காரணம் கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் ராத்திரிவரை அவள் வயிறு காய்ந்து கிடக்கும். இப்படி ஒரு சங்கடத்தில் மாட்டிவிட்டதற்காக அப்பாவின் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது. இன்னொரு நாள் செத்திருக்கக் கூடாதா என்று நினைத்தான். நினைத்துவிட்டு வெட்கப்பட்டான்.

முதல் வாயை மருந்து மாதிரி விழுங்கினான். இரண்டாவது வாயில் நாக்கு விழித்துக்கொண்டது. வெங்காயம் தேன் நிறத்தில் குழைந்து இனித்தது. வெங்காயத்தை இவ்வளவு நேரம் வதக்க எந்த வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று அவனுக்குள்ளிருந்த மளிகைக்காரன் கேட்டான். காலையில் குடித்த அரை டம்ளர் காப்பியோடு தாராவிக்கும் செம்பூருக்கும் கோட்டைக்கும் அலைந்த உடம்பு. தங்கபாண்டிக்குப் பசி பொறுக்காது, பசித்தால் கண் இருட்டும். வீட்டில் அவனுக்குச் சாப்பாட்டு ராமன் என்றே பெயர். அம்மாவை எடுத்த அன்று சயான் மயானத்து வாசலில் கொள்ளிச் சட்டியோடு தலைசுற்றி விழுந்தவன் அவன். பக்கத்துக் கடை வானமாமலை தாங்கிப் பிடித்திராவிட்டால் நெருப்பிலேயே விழுந்திருப்பான். சொந்தக்காரர்கள் அதைக் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கிண்ணம் காலியானது அவனுக்கே தெரியவில்லை. அடியில் ஒட்டியிருந்ததையும் ரொட்டியால் வழித்துத் தின்றிருந்தான்.

பக்கத்து மேஜையில் யாருக்கோ பிறந்த நாள், கைதட்டினார்கள். துரை அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, மீன் வரப்போகிறது, இதற்கு வெள்ளை ஒயின் இல்லாமல் என்ன பிரயோஜனம், மதுவிலக்கு வந்துவிட்ட இந்த ஊரில் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்க நான் குடிநோயாளி என்று சர்க்காரிடம் பெர்மிட் வாங்க வேண்டியிருக்கிறது என்று வேடிக்கையாக அலுத்துக்கொண்டார். கணேசபாண்டியன் தேவைக்கு அதிகமாகவே சிரித்தான்.

மீன் சீக்கிரமாகவே வந்தது. மீரான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கோழிக்கு நேரமாகும் என்று துரையின் காதில் அவர் சொல்ல, துரை தோளைக் குலுக்கி ஏற்றுக்கொண்டார். முழு வாவல் மீன், வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, மேலே ஏதோ பச்சைத் தழை தூவியிருந்தது. மிளகாய் பேருக்குக்கூட இல்லை. இதை எப்படித் தின்பது என்று நினைத்தபடியே தங்கபாண்டி தின்றான். கத்தியை ஒதுக்கிவிட்டு முள்கரண்டியாலேயே பிட்டான். தோல் மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே சதை வெள்ளையாகப் பிரிந்து வந்தது. கொஞ்ச நேரம் அவனுடைய அப்பா சாகவே இல்லை. அவர் கடையில் உட்கார்ந்திருந்தார், இவன் நல்ல சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் பாண்டி" என்றார் துரை. "நீங்கள் இங்கே வந்துவிட்டால் கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

கணேசபாண்டியன் அதைத் தமிழில் சொன்னான்.

"அப்பா இருக்காவ" என்றான் தங்கபாண்டி.

"சௌக்கியமாக இருக்கிறாரா?"

தங்கபாண்டி மீனின் நடுமுள்ளைப் பார்த்தான். அதைத் தலையோடு சேர்த்து மெதுவாகத் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தான். "நல்லா இருக்காவ" என்றான்.

கனகவள்ளியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டுக்கு இறங்கியது. அவள் தட்டில் இன்னும் பாதி மீன் இருந்தது. குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் போட்டு, ஒரு துணுக்கு விடாமல் அவள் அதைச் சாப்பிட்டு முடித்தாள். ரொட்டியையும் தின்றாள். அவன் ஊற்றி வைத்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தங்கபாண்டிக்கு அப்பாடா என்றிருந்தது. அத்தை சொன்னதைச் செய்துவிட்டோம், இனிமேல் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி என்று நினைத்தான்.

கனகவள்ளி கைத்துணியால் வாயைத் துடைத்தாள். "எனக்குப் போதும். புள்ளைக்குப் பால் குடுக்குற நேரம். நான் அண்ணங்கூடப் போறேன். நீங்க இருந்து, இனிப்பையும் சாப்ட்டு, அவியகூடப் பேசி முடிச்சிட்டு வாங்க" என்று கணவனிடம் சொன்னாள். எழுந்து மதாமைக் கும்பிட்டாள், துரையைக் கும்பிட்டாள். மதாம் அவள் கன்னத்தைத் தொட்டு என்னவோ சொன்னாள். கணேசபாண்டியனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தாய்ப்பால் காரணத்தை எதிர்த்து எந்தக் கணவனும் பேசிவிட முடியாது.

வெளியே டாக்ஸியைக் கூப்பிட்டது மீரான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரிடம் தங்கபாண்டி தாழ்ந்த குரலில், "மாப்பிள்ளைக்கு நீங்க சொல்லிருங்க பாய். இனிப்பு சாப்பிட்ட பொறவு" என்றான். அவர் தலையசைத்தார்.

டாக்ஸி கிளம்பியது. தங்கபாண்டி தொண்டையைக் கனைத்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெளியே போகும் டிராமையே பார்த்தான்.

"எப்பம் எடுக்காவ?" என்றாள் கனகவள்ளி.

அவன் திரும்பினான். அவள் தலையிலிருந்த பூவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயுறதுக்குள்ள" என்றான்.

"போயிரலாம்லா?"

"போயிரலாம்."

பூவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவன்தான் கேட்டான்: "ஒனக்கு எப்பம் தெரியும்?"

"நீ எனக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தல்லா, அப்பம். பொறந்ததுலேருந்து என்னைக்காவது எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்திருக்கியா? வெண்ணெ வேற தடவுத." குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "யாருன்னுதான் தெரியல. அத்தையா இருக்கும்னு நெனச்சேன். அத்தையாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன், பாவி. தொர அப்பாவப் பத்திக் கேட்டாருல்லா, நீ மீனப் பாத்துப் பதில் சொன்ன."

"அதுக்கு அப்புறமும் சாப்ட்டியே."

"நான் கரண்டிய வச்சிருந்தா நீயும் வச்சிருப்ப. ஒந் தட்டுலயும் பாதி இருந்துது." முந்தானையை இழுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். "சயான்ல திரும்ப விழுந்து தொலச்சின்னா அப்பாவுக்கு யாரு இருக்கா?"

அவளைச் சாப்பிட வைக்க அவன் சாப்பிட்டான். அவனைச் சாப்பிட வைக்க அவள் சாப்பிட்டிருக்கிறாள். இதில் யார் யாரை ஏமாற்றியது என்று தங்கபாண்டிக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் நெஞ்சை அறுத்தது. அவள் பாதி மீனைத் தெரிந்தே, ருசி தெரியாமல், விழுங்கியிருக்கிறாள். அவனுக்கு ருசித்தது. அப்பா செத்த நாளில் வயிறு நிறையத் தின்றதைக்கூட அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது, அது ருசியாக இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தாதர் தாண்டியதும் கனகவள்ளி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். மாஹிம் பக்கம் திரும்பும்போது டாக்ஸிக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

சந்து முனையிலேயே பேராச்சி அத்தை நின்றிருந்தாள். கனகவள்ளியைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதாள். அவளை உள்ளே விட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கபாண்டியிடம் கேட்டாள்: "சாப்ட்டாளா?"

"ம்."

"நல்லாச் சாப்ட்டாளா?"

"ம்" என்றான் அவன்.

உள்ளே பெண்களின் அழுகை ஓங்கியது. அவர்கள் மாரடித்துக்கொண்டு விலகி வழிவிட, கனகவள்ளி அப்பாவின் மார்பில் விழுந்தாள். வெளியே ஆண்கள் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள். வானமாமலை தங்கபாண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"பச்சத்தண்ணி பல்லுல படாம இந்த வெயில்ல எங்கெல்லாம் அலைஞ்சிட்டு வாறான். ஏட்டி தங்கமயில், ஒம் புருசனுக்கு ஒரு வாய் டீத்தண்ணியாவது குடுக்கப்படாதா? தெரியாதா இவன் சங்கதி?"

தங்கமயில் என்ன செய்வதென்று தெரியாமல் பேராச்சியைப் பார்த்தாள்.

"குடுத்தாலும் குடிக்க மாட்டான்" என்றாள் பேராச்சி. "அவங்கம்மா செத்தப்பம் வெளையாட்டுப்பய. இன்னைக்கு அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போறவன். மொகத்தப் பாருங்க, எப்படித் தெளிவா இருக்கான்."

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அதில் மரியாதை இருந்தது. அதுவரை அந்த ஜனத்திடமிருந்து தங்கபாண்டிக்கு அப்படி ஒரு பார்வை கிடைத்ததில்லை. அவனுக்குத் தொண்டைக்குள் வெண்ணெய் வாசனை ஏறி வந்தது. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லிவிட்டால் இந்த எரிச்சல் அடங்கும்.

"இல்லத்தை, நான் அங்க வந்து..."

"அவன் ஒண்ணும் சாப்பிடல அத்தை." உள்ளேயிருந்து கனகவள்ளியின் குரல் வந்தது. தலைவிரி கோலமாக அப்பாவின் மார்பிலிருந்து நிமிர்ந்திருந்தாள். "நான்தான் பாவி, எங்கப்பா இப்படிக் கெடக்கும்போது வெள்ளக்காரங்கூட ஒக்காந்து வயிறு முட்டத் தின்னுட்டு வந்திருக்கேன். அவன் சும்மா பாத்துக்கிட்டு இருந்தான்."

"ஒனக்கு எப்படித் தாயி தெரியும்" என்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்கு மேல் தங்கபாண்டி பேசுவதற்கு இடமில்லாமல் போயிற்று.

பொதுக் குழாயடியிலிருந்து நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அய்யாத்துரையைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கட்டை அவிழ்த்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டு விலகினார்கள். கனகவள்ளி நாலு அரிசியை விரல் நுனியில் எடுத்து, அப்பாவின் உதட்டில் வைத்துவிட்டுத் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியாகப் பேராச்சி அத்தை அரிசி இருந்த சுளகைத் தங்கபாண்டியிடம் நீட்டினாள். அவன் கையை விட்டு ஒரு பிடி நிறைய அள்ளினான்.

"கொஞ்சமாப் போடுல" என்றாள் அத்தை. "அம்புட்டும் கொள்ளாது."

அவன் குறைத்துக்கொள்ளவில்லை. குனிந்து அப்படியே கையைத் திறந்தான். வாயில் போனது கொஞ்சம். மீதி கன்னத்தில் உருண்டு, கழுத்தில் தங்கி, புது வேட்டியின் மடிப்பில் இறங்கியது. தங்கபாண்டி முழங்காலில் உட்கார்ந்து, கழுத்தடியில் கிடந்ததைப் பொறுக்கி மறுபடியும் உதட்டில் வைத்தான். வைத்தது நிற்கவில்லை. திரும்பவும் பொறுக்கினான். "நேரமாச்சுப்பா, தூக்கலாமா?" என்று வானமாமலை வாசலிலிருந்து கேட்டார். கனகவள்ளி அவரைப் பார்த்துக் கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.